கையில் கொடுக்காத கவர்

பிப்ரவரி 2

ஆமையாரே,

நீங்கள் போய் இன்றோடு நாற்பது நாள். நான் சுகமா என்று நீங்கள் கேட்கப் போவதில்லை, நீங்கள் சுகமா என்று நான் கேட்டும் பயன் இல்லை. ஆனால் கடிதம் என்றால் முதல் வரி அதுதான் என்று சொல்லிக் கொடுத்தவர் நீங்கள். அதனால் எழுதிவிட்டேன்.

மெஷின் கத்துகிறது. மாதம் ஒரு தடவை எண்ணெய் விடுவீர்கள். எங்கே எத்தனை சொட்டு என்று நான் பார்த்துக்கொள்ளவே இல்லை, நீங்கள் இருக்கும்போது அது எனக்கு எதற்கு? இப்போது ஒரு சீருடைச் சட்டை தைத்து முடிப்பதற்குள் பக்கத்து வீட்டுக்காரி இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறாள்.

இதை அளவு நோட்டின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். முன்பக்கத்தில் யாரோ ஒருவருடைய இடுப்பளவு இருக்கிறது.

எழுத உட்கார்ந்ததற்குக் காரணம், இன்று பழுப்பு நிறத்தில் நீளமாக ஒரு கவர் வந்தது. உங்கள் வக்கீலம்மாதான், என் கூடப் பிறந்தவள்தான். ஆனால் மேலே என் பெயர். நான்கு வருடமாக இந்த வீட்டுக்குக் கவர் அனுப்புகிறாள், என் பெயரை அவள் கையெழுத்தில் இன்றுதான் பார்க்கிறேன். இன்னும் பிரிக்கவில்லை. கத்தரிக்கோலைக் கையில் வைத்துக்கொண்டு உங்களுக்கு எழுதுகிறேன்.

உங்கள் வீட்டுக்காரி


ஜனவரி 29

அன்புள்ள அக்கா,

உன் முட்டி வலி எப்படி இருக்கிறது? நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை, கோர்ட்டுக்குப் போய் வருகிறேன்.

அன்று வீட்டில் உன்னிடம் பேச முடியவில்லை. சொல்ல நினைத்ததை எழுதுகிறேன். அத்தானை ஆணையத்திலிருந்து நீக்கிவிட்டார்கள் என்று அவருடைய பஸ் டிப்போ ஆட்கள் சொல்லித்தான், அவர் கிடத்தப்பட்டிருந்தபோதுதான், எனக்குத் தெரியும். டிசம்பர் நாலாம் தேதி உத்தரவாம். அதற்குப் பிறகு இருபது நாள் உயிரோடு இருந்திருக்கிறார். எனக்கு ஒரு வரி எழுதவில்லை. ஒரு போல்ட் தளர்ந்திருந்தால்கூட எனக்கு எழுதுகிறவர் இதை ஏன் எழுதவில்லை?

அக்கா, வாகனப் பாதுகாப்பு ஆணையம் அரசாங்கத்தின் ஆபீஸ் இல்லை, தனித்து நிற்க வேண்டிய அமைப்பு. அங்கே இருக்கும் ஐந்து பேரில் ஒருவர் பட்டறையில் கை அழுக்கானவராக இருக்க வேண்டும் என்று சட்டத்திலேயே இருக்கிறது. அப்படித்தான் அத்தானைச் சேர்த்தார்கள். அந்த நூற்று நாற்பது பச்சைப் பேருந்துக்கும் பிரேக் சரியில்லை என்று அவர் கையெழுத்துப் போட மறுத்தார். அவரையும் சேர்த்து அவர் பக்கம் மூன்று பேர், எதிர்ப்பக்கம் இரண்டு பேர். அவரை எடுத்துவிட்டு வேறு ஒருவரை உட்கார வைத்தார்கள், மூன்று அந்தப் பக்கம் போய்விட்டது. பேருந்துகள் ஓடுகின்றன.

நீக்கும் முன் நோட்டீஸ் அனுப்பினோம், பதில் இல்லை என்கிறார்கள். நோட்டீஸ் ஏதாவது வீட்டுக்கு வந்ததா? நன்றாக யோசித்துச் சொல்.

தங்கை


பிப்ரவரி 12

சின்னவளே,

உன் கவர் வந்தது. முட்டி இருக்கிறது, வலியும் இருக்கிறது. நீ நன்றாக இருப்பது எழுத்தைப் பார்த்தாலே தெரிகிறது.

நான்கு வருடமாக நீ அவருக்கு எழுதிய ஒவ்வொரு கடிதத்திலும் கடைசி வரி "அக்காவைக் கேட்டதாகச் சொல்லவும்." அந்தக் கடைசி வரியில் குடியிருந்தவள்தான் எழுதுகிறேன்.

உன் கடிதம் வந்தால் அவர் நாற்காலியை ஜன்னலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொள்வார். எதையும் மெதுவாகச் செய்கிற மனுஷன், அதை மட்டும் வேகமாகப் பிரிப்பார். படித்துக்கொண்டே சிரிப்பார். ஒரு நாள் கேட்டேன்.

"என்ன சிரிப்பு?"

"சட்டம்."

"சட்டத்துல என்ன சிரிப்பு இருக்கு?"

"எட்டாவது பிரிவு. சொன்னா உனக்குப் புரியாது, விடு."

எனக்குப் புரியாதுதான். உன்னைத் தூக்கி வைத்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று அஞ்சாம் வகுப்போடு என்னை நிறுத்தினார்கள். அதை உன் தப்பு என்று நான் ஒரு நாளும் சொன்னதில்லை, இப்போதும் சொல்லவில்லை. ஆனால் என் இடுப்பில் உட்கார்ந்து வளர்ந்தவள் என் வீட்டு ஜன்னலில் வந்து உட்காருவாள் என்று நான் நினைக்கவில்லை.

நோட்டீஸ் பற்றிக் கேட்டிருக்கிறாய். இந்த வீட்டுக்கு நிறையத் தபால் வரும். பாதி உன்னுடையது.

ஒன்று சொல். அவர் உனக்கு எத்தனை கடிதம் எழுதினார்? எண்ணிச் சொல்.

அக்கா


பிப்ரவரி 20

அன்புள்ள அக்கா,

அறுபத்தொன்று. நேற்று தரையில் பரப்பிப் போட்டு எண்ணினேன். வேண்டுமென்றால் எல்லாவற்றையும் அனுப்புகிறேன். எனக்குச் சளி, வேறு ஒன்றுமில்லை.

எட்டாவது பிரிவில் சிரிக்க ஒன்றும் இல்லை அக்கா. ஓர் உறுப்பினரை எப்போது நீக்கலாம் என்பதுதான் அது. மூன்றே காரணம். உடம்போ மனமோ இனி வேலைக்கு ஆகாது என்று மருத்துவர் குழு சொல்ல வேண்டும். அல்லது, தப்பு செய்தார் என்று விசாரித்து நிரூபிக்க வேண்டும். அல்லது, எழுத்தில் சொல்லாமல் தொடர்ந்து மூன்று கூட்டத்துக்கு வராமல் இருந்திருக்க வேண்டும். நாலாவது காரணம் கிடையாது. அமைச்சருக்குப் பிடிக்கவில்லை என்பது காரணம் ஆகாது. பிடிக்காதவரை இறக்கிவிட்டுப் பிடித்தவரை ஏற்றலாம் என்றால் அப்புறம் ஆணையம் எதற்கு?

அத்தான் மூச்சுத் திணறிப் படுத்திருந்த மாதத்தில் அவசரமாக மூன்று கூட்டம் வைத்தார்கள். வர முடியாது என்று போனில் சொல்லியிருக்கிறார். போனில் சொன்னதை யாரும் எழுதி வைக்கவில்லை. மூன்றாவது காரணம் அவர்களுக்குக் கிடைத்துவிட்டது.

ஆனாலும் ஒரு தடுப்பு இருக்கிறது. எந்தக் காரணமானாலும் நோட்டீஸை உறுப்பினரின் கையிலேயே சேர்க்க வேண்டும். பதில் சொல்லப் பதினான்கு நாள் தர வேண்டும். "உடம்பு சரியில்லை" என்று ஒரு வரியும் டாக்டர் சீட்டும் போதும், அவரை அசைத்திருக்க முடியாது. கையில் சேர்க்காமல் நீக்கினால் அந்த நீக்கம் செல்லாது. அவர் கையெழுத்துப் போட்டு வாங்கினார் என்று பதிவுத் தபாலின் ஒப்புகை அட்டையைக் காட்டுகிறார்கள். நவம்பர் 18. அதன் நகல் இத்துடன்.

அது அத்தானின் கையெழுத்துத்தானா? இதற்கு மட்டும் பதில் போடு, போதும்.

தங்கை


மார்ச் 16

சின்னவளே,

சளி போயிருக்கும். சீருடைக் காலம், கழுத்து நிமிர நேரம் இல்லை, அதனால்தான் இத்தனை நாள். மெஷின் வேறு ஊரைக் கூட்டுகிறது.

அட்டையைப் பார்த்தேன். அவர் கையெழுத்து மாதிரிதான் இருக்கிறது.

கல்யாணமான புதிதில் எனக்கு எழுத்து எல்லாம் மறந்து போயிருந்தது. அவர்தான் மறுபடி ஆரம்பித்தார். என் பெயரைத்தான் முதலில் எழுதச் சொன்னார். நான் மாட்டேன் என்றேன், என் பெயர் எனக்குத் தெரியாதா? உங்கள் பெயரை எழுதுகிறேன் என்றேன். துணியில் கோடு போடுகிற சோப்புத் துண்டால் தரையில் எழுதிக் காட்டினார். வால் எங்கே சுழிக்க வேண்டும், புள்ளி எங்கே என்று அச்சு அசலாகப் பழகிவிட்டேன். டிப்போவிலிருந்து அவர் வரத் தாமதமானால் எதற்கும் நானே அவர் பெயரைப் போட்டு வாங்கி வைப்பேன். "என் கையெழுத்தை என்னைவிட நீதான் நல்லாப் போடுற" என்பார்.

அறுபத்தொன்று என்று எழுதியிருந்தாய். எனக்கு அவர் எழுதியது ஒன்று. அது மளிகைச் சீட்டு. அதிலும் கீழே அவருடைய குறி இருக்கிறது. டிப்போவில் சோதித்துப் பார்த்த சக்கரத்தில் போடுவாரே, நீலப் பென்சிலால் அரை வட்டம், உள்ளே புள்ளி, பக்கத்தில் தேதி. நான் வாங்கி வந்ததைச் சரிபார்த்துவிட்டுப் போட்டது.

கடிதங்களை அனுப்ப வேண்டாம். படித்தால் புரிந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

அக்கா


மார்ச் 24

அக்கா,

நலமா? நான் கேட்டது ஆமா, இல்லையா என்று ஒரே சொல். நீ ஒரு பக்கம் எழுதி அதைத் தவிர எல்லாம் சொல்லியிருக்கிறாய். குறுக்கு விசாரணையில் உன்னை மாதிரி சாட்சி கிடைத்தால் நான் தோற்றுவிடுவேன்.

நீ கேட்காமல் கேட்பதற்கும் நானே பதில் சொல்லிவிடுகிறேன். அந்தக் கடிதங்களில் மறைக்க ஒன்றும் இல்லை. சட்டம், பிரேக், கூட்டத்தில் யார் என்ன பேசினார்கள், அதில் பாதி கிண்டல். ஆனால் பொய் சொல்ல மாட்டேன். அவருடைய கடிதம் வந்த நாளில் கோர்ட்டில் நான் நன்றாகப் பேசுவேன். எனக்குத் தெரிந்ததை இன்னொருவர் அவ்வளவு ஆசையாகக் கேட்பது எனக்கு வேறு எங்கேயும் கிடைக்கவில்லை. அதற்காக நீ என்னைத் திட்டலாம்.

ஆணையத்தின் கூடத்தில் சுவரில் ஒரு மரப்பலகை இருக்கிறது. இதுவரை இருந்தவர்களின் பெயரும், எப்போது வந்தார், எப்படிப் போனார் என்பதும் அதில் இருக்கும். போய்ப் பார்த்தேன். அத்தான் பெயருக்கு நேரே "நீக்கம்" என்று எழுதியிருக்கிறார்கள். பெயின்ட் இன்னும் பளபளப்பாக இருக்கிறது. அந்தப் பலகையில் அந்த வார்த்தை அவர் ஒருவருக்குத்தான்.

மறு ஆய்வு மனு போட ஜூன் 4 கடைசி நாள். அதற்குப் பிறகு அந்த வார்த்தையை யாராலும் அழிக்க முடியாது.

தங்கை


ஏப்ரல் 11

சின்னவளே,

என் உடம்பைப் பற்றிக் கடைசியில் எழுதுகிறேன், மறக்காமல் இருந்தால்.

நேற்றுப் பகலில் எங்கள் தெரு முனையில் ஒரு பச்சைப் பேருந்து நிற்காமல் வந்துவிட்டது. நிறுத்தத்தைத் தாண்டி, நடைபாதையில் ஏறி, செருப்புத் தைப்பவர் உட்காருகிற இடத்தில் போய் நின்றது. அவர் டீ குடிக்கப் போயிருந்தார். பலகை, பெட்டி எல்லாம் தூள். டீ கிளாஸைக் கையில் பிடித்துக்கொண்டே வந்து பார்த்தார். என்னைப் பார்த்ததும், "உங்க வீட்டுக்காரர் இருந்தா இது ஓடியிருக்குமாம்மா?" என்றார். இவருக்கு எட்டாவது பிரிவு தெரியாது. இவருக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாதா?

அட்டையில் இருப்பது என் கையெழுத்து.

நவம்பர் 18 காலையில் தபால்காரர் வந்தார். பழுப்பு நிறம், நீளம், பதிவுத் தபால். நீதான் என்று நினைத்தேன். மேலே அச்சில் என்ன இருக்கிறது என்று பார்க்கவே இல்லை. அவருக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது, உள்ளே படுத்திருந்தார். அவர் பெயரைப் போட்டு வாங்கினேன். மெஷின் டிராயரில், பாபின் டப்பாவுக்கு அடியில் வைத்து மூடிவிட்டேன். நாலு நாளைக்காவது அந்த நாற்காலி ஜன்னலுக்குப் போகாமல் இருக்கட்டும் என்று நினைத்தேன்.

இதோடு நிறுத்தினால் தெரியாமல் நடந்த தப்பு என்று ஆகிவிடும். அப்படி இல்லை.

நாலாம் நாள் திறந்தேன். நீ என்னதான் எழுதுகிறாய் என்று பார்க்கத்தான் திறந்தேன். உன் எழுத்து இல்லை, அச்சு எழுத்து. ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்தேன். எல்லாம் புரியவில்லை. ஆனால் "பதினான்கு நாட்களுக்குள்" என்பதும் "நீக்கம்" என்பதும் புரிந்தது. இன்னும் பத்து நாள் இருக்கிறது என்று விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். தெரிந்துதான் மறுபடி டிராயரில் வைத்தேன்.

கையில் கொடுத்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். முதலில் காகிதம் கேட்பார், உனக்கு எழுத. நீ அடுத்த ரயிலில் வந்து நிற்பாய். அவர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காருவாய். அந்தப் பத்து நாளும் இரண்டு பேரும் பேசிக்கொண்டே இருப்பீர்கள். நான் டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, கிளாஸை எடுத்துக்கொண்டு போவேன். டாக்டர் எனக்கு மட்டும் சொல்லியிருந்தார், இந்த வருடம் தாண்டாது என்று. மிச்சம் இருந்த நாளை உன்னோடு பங்கு போட எனக்கு மனசு வரவில்லை.

இருபத்தாறாம் தேதி அவராகவே கேட்டார்.

"ஏதாவது கவர் வந்துச்சா?"

"ஒண்ணும் வரலையே."

கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். "சரி, அப்ப எனக்கு வேலை இல்லை. நீயும் மெஷினை மூடிட்டு வந்து உட்காரு" என்றார்.

உட்கார்ந்தேன். சின்னவளே, இருபத்தெட்டு வருடத்தில் அந்த மாதிரி நாட்கள் எனக்கு வாய்த்ததில்லை. கண்ணை மூடிக்கொண்டு தெருவில் போகிற பேருந்தின் பிரேக் சத்தத்தை வைத்தே எத்தனாம் நம்பர், எத்தனை வருடம் பழையது என்று சொல்வார். நான் ஓடிப் போய்ப் பார்த்துவிட்டு வந்து சரியா தப்பா என்பேன். தப்பே இல்லை. எனக்கும் சொல்லிக் கொடுத்தார். எனக்கும் இரண்டு தடவை சரியாக வந்தது. என்னைச் செய்தித்தாள் படிக்கச் சொல்லிக் கேட்டார். நான் தடுக்கி விழுகிற இடத்தில் காத்திருந்தார்.

நாலாம் தேதி ஆணையத்திலிருந்து ஆளே வந்து உத்தரவை அவர் கையிலேயே கொடுத்துவிட்டுப் போனான். நோட்டீஸுக்குத் தபால், உத்தரவுக்கு ஆள். படித்தார். மடித்தார். "சரி, ஓய்வு கிடைச்சுது" என்றார். ஏன் எனக்கு நோட்டீஸ் தரவில்லை என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனோ என்னவோ. அவர் கேட்கவில்லை.

ஒருவரை அந்த இடத்திலிருந்து எடுக்க மூன்று காரணத்தில் ஒன்று வேண்டும், நோட்டீஸ் வேண்டும், பதில் கேட்க வேண்டும் என்று எழுதியிருந்தாய். உன்னை என் மனசிலிருந்து எடுத்தபோது நான் எதுவும் கேட்கவில்லை. பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

இதை யாரிடம் வேண்டுமானாலும் படித்துக் காட்டு. முட்டி பரவாயில்லை.

அக்கா


மே 3

அக்கா,

உன் கடிதம் ஏப்ரல் 15 அன்றே கிடைத்துவிட்டது.

நீ எழுதியதைச் சாட்சியமாகத் தர வேண்டும். அதற்கான உறுதிமொழிப் பத்திரத்தின் படிவம் இத்துடன் இருக்கிறது. யாரையும் விட்டு எழுதச் சொல்லாதே, உன் கையாலேயே எழுது. அத்தான் கையெழுத்தை அதில் இரண்டு தடவை போட்டுக் காட்டு. நோட்டரி முன்னால் உன் கையெழுத்தைப் போடு. அந்தக் கவரையும் அப்படியே அனுப்பு.

இது விசாரணையில் சத்தமாக வாசிக்கப்படும். ஏன் மறைத்தாய் என்பதும். அதை நீ தெரிந்துகொண்டுதான் கையெழுத்துப் போட வேண்டும் என்பது சட்டம்.

வேறு எதுவும் இப்போது எழுத வரவில்லை. மாத்திரையை விடாமல் போடு.

தங்கை


மே 9

சின்னவளே,

நீ கேட்டதெல்லாம் இந்தக் கட்டுக்குள் இருக்கிறது. இருபத்திரண்டு நாள் நீ பதில் போடாமல் இருந்தபோது உனக்கு உடம்புக்கு என்னவோ என்று நினைத்தேன். அப்புறம், உடம்பு இல்லை என்று தெரிந்துகொண்டேன்.

நோட்டரி நான் எழுதியதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "பொறாமையால் என்று போட்டிருக்கீங்க. தவறுதலாக என்று மாத்திக்கலாமே அம்மா" என்றார். வேண்டாம் என்றேன். தவறுதலாக என்றால் தபால்காரர் தலையில் போய் விழும். அவருக்கு இன்னும் மூன்று வருடம் சர்வீஸ் இருக்கிறதாம். யார் வாங்கியது என்று பார்க்காமல் அட்டையை நீட்டினார் என்பதுதான் அவர் செய்தது, நான் செய்தது வேறு.

அவர் பெயரை இரண்டு தடவை எழுதினேன். அதற்குக் கீழே என் பெயரை எழுதினேன். என் பெயரில் எனக்கு அத்தனை பழக்கம் இல்லை, கோணலாக இருக்கும்.

கவரை அன்றைக்குப் பிறகு நான் திறக்கவில்லை. டிராயரில் கை விட்டு எடுத்து, பார்க்காமல் வைத்திருக்கிறேன்.

விசாரணைக்கு நான் வரவில்லை. அவர்கள் கேட்கட்டும். உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு நான் அதைக் கேட்க முடியாது.

அக்கா


ஜூன் 17

அன்புள்ள அக்கா,

உன் உடம்பு எப்படி? நான் நேற்றுதான் ஒழுங்காகத் தூங்கினேன்.

நீக்கம் செல்லாது என்று தீர்ப்பாகிவிட்டது. அவர் இடத்தில் உட்கார்ந்தவர் போட்ட கையெழுத்தும் சேர்ந்து போயிற்று. பச்சைப் பேருந்துகளைப் பட்டறைக்குத் திருப்பச் சொல்லிவிட்டார்கள். பலகையில் அந்த வார்த்தையை நான் நின்று பார்க்கும்போதே சுரண்டினார்கள். "பணியில் இருக்கும்போது காலமானார்" என்று வரப்போகிறது.

உன் வாக்குமூலத்தை ஒரு வரி விடாமல் வாசித்தார்கள். மறு ஆய்வுக் குழுவின் தலைவர் ஓய்வு பெற்ற நீதிபதி. அட்டையையும் நீ போட்டுக் காட்டிய அத்தான் கையெழுத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெகு நேரம் பார்த்தார். "அந்த அம்மா நல்லாத்தான் போடுறாங்க" என்றார்.

இனி நான் இரண்டு மாதமாகச் சொல்லாததைச் சொல்ல வேண்டும். முதல் மூன்று வாரம் எழுதாமல் இருந்தது கோபத்தால். அவருடைய கடைசி நாட்களிலிருந்து என்னைத் தள்ளி வைத்தாய் என்ற கோபம். நீ அந்த நோட்டீஸ் கவரை அனுப்பிய பிறகு எழுதாமல் இருந்ததற்குக் காரணம் வேறு. அந்தக் கவர் இத்துடன் இருக்கிறது, வழக்கு முடிந்ததால் திருப்பித் தந்துவிட்டார்கள். இரண்டாவது தாளின் அடியில் பார்.

நீலப் பென்சில். அரை வட்டம், உள்ளே புள்ளி. பக்கத்தில் 24/11.

நான் அனுப்பிய ஒவ்வொரு சட்டத் தாளிலும் படித்து முடித்ததும் இதைத்தான் போட்டுத் திருப்பி அனுப்புவார். எனக்குத் தெரியாமல் இருக்குமா? நீ திறந்து பார்த்த இரண்டாம் நாள் அவரும் படித்திருக்கிறார். படித்துவிட்டு இருந்த இடத்திலேயே வைத்திருக்கிறார். அதற்கும் இரண்டு நாள் கழித்துத்தான் உன்னிடம் கவர் வந்ததா என்று கேட்டிருக்கிறார்.

நான் மறைக்கவில்லை. அது அவருடைய குறி என்று நானே குழுவிடம் சொன்னேன். அவருக்குத் தெரிந்திருக்கிறதே, அப்புறம் என்ன என்று எதிர்த்தரப்பு ஒரு மணி நேரம் வாதாடியது. நோட்டீஸைக் கையில் சேர்ப்பது நீக்குகிறவரின் கடமை, மனைவியின் டிராயரிலிருந்து அவர் எடுத்துப் பார்த்தது சேர்த்ததாக ஆகாது என்று தலைவர் எழுதிவிட்டார். சட்டம் அத்தோடு முடிந்தது. எனக்கு முடியவில்லை.

எட்டு நாள் இருந்தது அக்கா. ஒரு வரி போதும் என்பது என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும், அந்தப் பிரிவை அவருக்குச் சொல்லிக் கொடுத்ததே நான்தான். மற்ற இருவர் எப்படியாவது தடுத்துவிடுவார்கள் என்று நினைத்தாரா? தெரியவில்லை. நான் எழுதிப் பழகிய மனிதர் நூற்று நாற்பது பேருந்தை அப்படி விடக்கூடியவர் இல்லை. அறுபத்தொரு கடிதத்தையும் மறுபடி படித்துவிட்டேன், அப்படி விட்டுவிட்ட மனிதர் எதிலும் இல்லை. அவர் உன் வீட்டில் மட்டும்தான் இருந்திருக்கிறார். நீ திருடி வைத்துக்கொண்டதாக நினைக்கிற அந்த நாட்களை அவரேதான் உனக்குக் கொடுத்திருக்கிறார், நாற்காலியையும் என்னையும் விட்டுவிட்டு.

நான்கு வருடம் என்னைப் பார்த்து நீ வயிறு எரிந்தாய் என்று எழுதினாய். இந்த இரண்டு மாதம் என் முறை. நாம் சரிக்குச் சரி.

அடுத்த மாதம் நாலு நாள் லீவு போடலாம் என்று இருக்கிறேன். வந்தால் கதவைத் திறப்பாயா?

தங்கை


ஜூன் 25

ஆமையாரே,

நான் இருக்கிறேன். நீங்கள் பலகையில் நல்லபடியாக இருக்கிறீர்கள் என்று சேதி வந்தது.

வா என்று அவளுக்கு எழுதிப் போட்டுவிட்டேன். நாற்காலி ஒன்றுதான் இருக்கிறது, அதில் நான் உட்காருவேன், நீ பாயில் உட்காரு என்றும் எழுதினேன். கொஞ்சம் சிரிக்கட்டும்.

இரண்டாவது தாளைப் பார்த்தேன். இன்று காலையில் டிராயரை முழுசாக வெளியே இழுத்துத் தலைகீழாகக் கொட்டினேன். பாபின் டப்பா, ஊசிப் பொட்டலம், பட்டன், சோப்புத் துண்டு. எல்லாவற்றுக்கும் பின்னால் எண்ணெய்க் குப்பி. அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. நவம்பர் இருபத்துநாலு, நான் தைத்த துணியைக் கொடுக்கப் போயிருந்தேன். திரும்பி வந்தால் நீங்கள் மெஷினுக்குப் பக்கத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள், விரலெல்லாம் எண்ணெய். நான் சத்தம் போட்டேன், இந்த மூச்சோடு ஏன் எழுந்தீர்கள் என்று. "கத்துச்சு, விட்டேன்" என்றீர்கள். அதற்கு அப்புறம் டிசம்பர் முழுக்க மெஷின் கத்தவே இல்லை. நான் அதை நினைத்துப் பார்க்கவும் இல்லை.

மதியம் நானே எண்ணெய் விட்டேன். எங்கே எத்தனை சொட்டு என்று தெரியாமல் தெரிந்த ஓட்டையில் எல்லாம் விட்டேன். இப்போது சத்தம் இல்லை. தைக்கிற துணியில் எல்லாம் எண்ணெய்க் கறை.

வெளியே ஒரு பேருந்து வந்து நின்றது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். பழையது, பிரேக் லைனிங் புதிது. ஓடிப் போய்ப் பார்த்தேன், சரியாகத்தான் இருந்தது. சொல்ல ஆள் இல்லை.

உங்களுக்குத் தெரிந்திருக்கிறது என்று தெரிந்தால் மனசு லேசாகும் என்று அவள் நினைத்து எழுதியிருக்கிறாள். படித்தவள் இல்லையா. எனக்கு அது லேசாக இல்லை. தெரிந்துகொண்டுதான் என் முகத்தைப் பார்த்துக் கேட்டீர்கள். நான் பொய் சொன்னேன். நீங்கள் அந்தப் பொய்யை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, வந்து உட்கார் என்றீர்கள். அவள் சொல்கிற மாதிரி கொடுத்ததாகவே இருக்கட்டும். ஆனால் நான் கேட்டு வாங்கியது இல்லை, பொய் சொல்லி வாங்கியது. அதனால் இன்னும் ஒன்றே ஒன்று பாக்கி இருக்கிறது. தினமும் மெஷினை மிதித்துக்கொண்டே அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஆமையாரே, அன்றைக்கு நான் "வந்தது" என்று சொல்லியிருந்தால், அவளுக்கு எழுதக் காகிதம் கேட்டிருப்பீர்களா?